அட்டவணையில் இல்லாத சுவரொட்டி

செப்டம்பர் வந்துவிட்டது. 2018 முதல் ஒன்றிய அரசு இதை ஊட்டச்சத்து மாதமாக அறிவித்துக் கொண்டாடி வருவதால், அங்கன்வாடிச் சுவர்களிலும் கல்லூரி அறிவிப்புப் பலகைகளிலும் அதே வட்டத்தட்டுப் படம் மறுபடியும் ஏறியிருக்கிறது. ஒரு பங்கு தானியம், ஒரு பங்கு காய்கறி, கொஞ்சம் பருப்பு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2020 செப்டம்பர்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மாதம் நான் செய்த ஒரு கோழைத்தனமும் கூடவே வருகிறது.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. எங்கு பார்த்தாலும் இணையவழிக் கருத்தரங்குகள். ஒரு கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். ‘பெருந்தொற்றுக் காலத்தில் வாழ்க்கைப் பருவங்களுக்கேற்ற சரிவிகித உணவு’ என்று தலைப்பு. கருவுற்ற பெண், பாலூட்டும் தாய், கைக்குழந்தை, பள்ளிப்பிள்ளை, வளரிளம் பருவம், முதுமை என ஆறு பருவங்களையும் நாற்பது நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். நான் தயாரித்து அனுப்பிய படக்காட்சியில் நான்காவது பக்கத்தில் மாட்டு ஈரல் வறுவல், ஆட்டுச் சுவரொட்டி, நெத்திலிக் கருவாடு ஆகியவற்றின் படங்கள் இருந்தன. முதல்நாள் மாலை ஒருங்கிணைப்பாளர் போனில் பேசினார். மிக மரியாதையாகத்தான் பேசினார். “மேம், அந்த நாலாவது ஸ்லைடு மட்டும் மாத்திடுங்களேன். எல்லாத் தரப்பு ஸ்டூடண்ட்ஸும் பார்ப்பாங்க இல்ல?”

மாற்றினேன். ஈரல் இருந்த இடத்தில் பன்னீர் வந்தது. சுவரொட்டி இருந்த இடத்தில் பேரீச்சம்பழம். கருவாடு இருந்த இடத்தில் பாதாம். நான் வளர்ந்த வீட்டில் இந்த மூன்றையும் நான் பார்த்ததில்லை; பேரீச்சம்பழத்தை மட்டும் ரம்ஜான் மாதத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனாலும் வாய் கூசாமல் நாற்பது நிமிடம் பேசி முடித்தேன். நூறு பேருக்கு மேல் கேட்டார்கள். சான்றிதழும் வந்தது.

அன்று இரவு ஒரு மாணவியிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி. “மேம், கர்ப்பமா இருக்கிறவங்க மாட்டு ஈரல் சாப்பிடலாமா? எங்க அக்காவுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. அம்மா அதான் வாங்கிச் செஞ்சு குடுக்குறாங்க. நீங்க சொன்னது எதுவும் எங்களால வாங்க முடியாது மேம். அதான் கேட்டேன்.”

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அது ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது. ஈரலில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 எல்லாமே ஏராளம். ஆனால் அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. கருவுற்ற முதல் மாதங்களில் அடிக்கடி ஈரல் சாப்பிட்டால் அது சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதனால் அந்தச் சமயத்தில் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பதில் கறியையோ சுவரொட்டியையோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். இரும்புச்சத்து நிறைந்தது. ரத்தம் குறைந்த பெண்ணுக்கு அதை நெருப்பில் சுட்டோ மிளகு போட்டு வறுத்தோ கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் சாதி கடந்தும் உண்டு. கூடவே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர வேண்டியதும் சேராது. அரசு மருத்துவமனையில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் எதற்காகவும் நிறுத்தக்கூடாது. இவ்வளவும் அந்த இரவு அவளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

இதைத்தான் அந்த நாற்பது நிமிடத்தில் நூறு பேருக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஈரல் சமைக்கிற வீட்டுக்கு ஈரலைப் பற்றிய எச்சரிக்கைகூடப் போய்ச் சேராமல் நானே தடுத்துவிட்டேன். மாட்டுக்கறியை மறைப்பது அடையாளத்தை மறைப்பது என்று நாம் பேசுகிறோம், சரிதான். அதோடு ஒரு கர்ப்பிணிக்குப் போக வேண்டிய மருத்துவத் தகவலையும் அது மறைக்கிறது. இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

அந்த ஆண்டு ஊட்டச்சத்துப் பாடம் யாருக்கு நடத்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் 25 முதல் ஊரடங்கு. கூலி வேலை நின்றது. நூறு நாள் வேலையும் முதல் சில வாரங்கள் நின்றுபோனது. தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. ஒன்றிய அரசு ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாகக் கொடுத்தது. பட்டினியைத் தள்ளிப்போட்டது இந்த ரேஷன் கடைதான், அதை மறுக்க மாட்டேன். எல்லோருக்குமான பொது விநியோகத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்ததன் பலன் அது. ஆனால் அரிசி மட்டும் இருக்கிற வீட்டுக்குள் அலைபேசி வழியாக நுழைந்து ‘வண்ணமயமான தட்டு’ பற்றி வகுப்பு எடுத்தோம். ஆயுஷ் அமைச்சகம் நோய் எதிர்ப்புச் சக்திக்கு மஞ்சள் கலந்த பாலும் சியவனப்பிராசமும் பரிந்துரைத்தது. பாலே வாங்காத வீட்டில் மஞ்சளை எதில் கலப்பது?

அதே காலத்தில் பள்ளிப்பிள்ளையின் தட்டிலிருந்து எது காணாமல் போனது தெரியுமா? முட்டை.

தமிழ்நாட்டுச் சத்துணவின் வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1920இல் நீதிக்கட்சி நிர்வாகத்தில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். அதில் முட்டையைச் சேர்த்தது கலைஞர் அரசு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்றானது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் மதிய உணவுக்கு நாடு முழுக்க வகுக்கப்பட்டிருக்கும் அளவே 12 கிராம்தான். பாதியை ஒற்றை முட்டை கொடுத்துவிடுகிறது. சமைப்பவர் திருட முடியாது, கலப்படம் செய்ய முடியாது, தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாது.

2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 18 அன்றே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, பள்ளி மூடினால் பிள்ளைகளின் உணவு என்னாகும் என்று மாநிலங்களைக் கேட்டது. இங்கே அரிசியும் பருப்பும் ஜூலை வாக்கில் கொடுக்கப்பட்டன. முட்டைக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போக வேண்டியிருந்தது. செப்டம்பரில்தான் மாதம் 10 முட்டை என்று முடிவானது. பள்ளி நடந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதில் ஏறத்தாழ பாதி.

இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்த மார்ச் மாதம் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியால் நாமக்கல்லில் முட்டை விலை அதலபாதாளத்தில் கிடந்தது. பண்ணைக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் தவித்தார்கள். ஒரு பக்கம் விற்காத முட்டை. இன்னொரு பக்கம் முட்டை இல்லாத பிள்ளை. இரண்டையும் இணைக்க ரேஷன் கடை இருந்தது, அங்கன்வாடி இருந்தது, சத்துணவு அமைப்பாளர்கள் இருந்தார்கள். இணைக்கத் தோன்றவில்லை. நாங்களோ இணையத்தில் புரதத்தின் முக்கியத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பள்ளி மூடியதில் இன்னொன்றும் அடைபட்டது. வளரிளம் பெண்களுக்கு வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரை வகுப்பறை வழியாகத்தான் போய்ச் சேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 19 போதும். நம் வீடுகளில் கறித்துண்டு போகும் வரிசையோ இதற்கு நேர் எதிர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முந்தைய ஆய்வில் 50.7 விழுக்காடாக இருந்தது 57.4 ஆக ஏறியிருக்கிறது. இதை விழிப்புணர்வுக் குறை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தச் ‘சரிவிகித உணவு’ அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தேடினால் நம் மண்ணிலேயே போய் நிற்கிறது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரால் பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கப்பட்டது. அவர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி, கொஞ்சம் இறைச்சி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய ‘மதராசி’ உணவைத் தின்றவை சோர்ந்து நோயுற்றன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு அட்டவணையை வெளியிட்டார். இன்று நான் வகுப்பில் காட்டும் பட்டியலுக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அந்த ஆய்வுகள் பொய்யல்ல. தீட்டிய அரிசி மட்டும் உடம்புக்கு ஆகாது என்பதை அவைதான் நிறுவின. ஆனால் ‘மதராசி’ என்று ஒரே எலிக்கூண்டில் அடைக்கப்பட்டவர்கள் யார்? ஒரே கிராமத்தில் நெய்ச்சோறு தின்றவரும் கேழ்வரகுக் கூழ் குடித்தவரும் செத்த மாட்டை அறுத்து உப்புக்கண்டம் போட்டவரும் இருந்தார்கள். வட்டாரத்தைக் கண்ட கண்ணுக்குச் சாதி படவில்லை. நூறாண்டு கழித்து நாங்கள் காட்டும் படக்காட்சிக்கும் படவில்லை. படவில்லை என்பதும் சரியில்லை. பட்டது, மாற்றச் சொன்னார்கள்.

சேலத்தில் பிறந்த சி. கோபாலன் பின்னாளில் அதே நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். உலகமே புரதப்பொடி, புரத பிஸ்கட் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழைக் குழந்தையின் முதல் குறை போதுமான சாப்பாடு இல்லாததுதான், வீட்டில் சமைக்கிற உணவையே வயிறாரக் கொடுத்தால் புரதக் குறையும் பெருமளவு தீரும் என்று வாதிட்டவர் அவர். அந்தப் பாடத்தை இந்த நாடு மறந்துவிட்டது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தது என்ன? 2024க்குள் ரேஷன், சத்துணவு எல்லாவற்றிலும் இரும்புச்சத்து ஏற்றப்பட்ட செறிவூட்டிய அரிசி. இயற்கையாகவே இரும்பு இருக்கிற உணவு இன்னதென்று வாய்திறந்து சொல்ல முடியாத நாடு, அரிசிக்குள் இரும்பை ஏற்றுகிறது.

முட்டையைக்கூடப் பொறுக்காதவர்கள் இருக்கிறார்கள். 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடியில் முட்டை கூடாது என்றார். 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் பள்ளிப்பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் போராட்டம் அறிவித்தார்கள். இங்கேயே 2020 பிப்ரவரியில், ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்னால், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவுக்காக அட்சய பாத்திரம் அமைப்பின் சமையற்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல். கர்நாடகத்தில் இதே சர்ச்சை எழுந்தபோது, அந்த உணவு விதிமுறைக்கு உட்பட்டதே என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சான்றளித்திருந்தது. பூண்டு இல்லாமல் நம் ஊரில் பிள்ளைபெற்றவளுக்கு ஒருவேளை சமைக்க முடியுமா? பூண்டும் சுறாப்புட்டும் கருவாட்டுக் குழம்பும் தான் நமக்குப் பால் சுரக்கும் உணவு.

சமைக்கிற கை யாருடையது என்பது இன்னொரு கதை. 2018இல் அவிநாசிக்கு அருகே அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று தடுத்தார்கள். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் தலித் பெண்களின் கையால் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் நிறுத்திவைத்த செய்தி வந்தது. கலோரி, புரதம், இரும்பு எல்லாம் சரியாக இருந்த உணவு அது. சரிவிகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

நம் பக்கத்திலிருந்தே எனக்கு எதிர்வாதம் வருவதுண்டு. குடல், ரத்தம், தலைக்கறி என்று கொண்டாடுவது பசியை அழகுபடுத்துவதில்லையா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நல்ல துண்டை மற்றவர் எடுத்துக்கொண்டபின் மிஞ்சியதுதான் நமக்கு வந்தது. செத்த மாட்டைத் தின்ன வேண்டாம் என்று அம்பேத்கர் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அந்த உணவுக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது அது மலிவும் இல்லை. சுவரொட்டி வேண்டுமென்றால் கறிக்கடையில் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: இன்று ஒரு வீட்டில் எது சமைக்கப்படுகிறதோ அதிலிருந்துதான் பாடம் தொடங்க முடியும். அதைக் கூச்சத்தோடு மூடிவைக்கச் சொல்லிவிட்டு நடத்துகிற பாடம், அந்த வீட்டுக்கு வெளியே நின்று கத்துவது போன்றது.

2021 தொடக்கத்தில் எங்கள் ஊர்க் காலனியில், இரவுப் பாடசாலை நடக்கிற கொட்டகையில், பெண்களை மட்டும் கூட்டி உட்கார்ந்தோம். முகக்கவசம் போட்டுக்கொண்டு பன்னிரண்டு பேர். படக்காட்சி கிடையாது. நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் சாம்பார் என்றார்கள். படித்தவள் கேட்டால் சாம்பார் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியில் ஒரு ஆயாதான் சிரித்துக்கொண்டே, “இன்னாடி சாம்பாரு? நேத்து தெருவே மணத்துச்சே” என்றாள். அதற்குப் பிறகுதான் வகுப்பு நடந்தது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர்களே கட்டம் போட்டார்கள். என்ன சமைத்தது என்பது முதல் கட்டம். யார் முதலில் சாப்பிட்டது, யார் கடைசி என்பது அடுத்தது. ரத்தப் பொரியலும் எலும்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் எழுதப்பட்ட பன்னிரண்டு தாள்களில், பதினொன்றில் கடைசியாகச் சாப்பிட்டது தாளை எழுதியவளே. பெரும்பாலும் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கறியைச் சேரிக்குள் வரவிடாதது சாதி என்றால், வந்த கறியை அவள் தட்டுக்கு வரவிடாதது எது என்று அன்று யாரும் உரை நிகழ்த்தவில்லை. தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருக்கிற ஆயாவின் தாளில் இரண்டு நேரமும் ரேஷன் அரிசிக் கஞ்சி. மாதம் 1000 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் அவளுக்கு மாத்திரையும் வெற்றிலையும் போக மீதியில் முட்டை வாங்கலாம்தான். “பல்லு இல்ல, அதனால கறி வேணாம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க” என்றாள். வயதானால் தசை கரையாமல் இருக்கப் புரதம் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டும். எலும்புச் சாற்றைவிட வேகவைத்துக் கொத்திய கறியிலும் முட்டையிலும்தான் அது இருக்கிறது. எலும்புச் சாறு குடித்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கே பலருக்கும் இருந்தது. அதை அன்று திருத்த முடிந்தது. கருவுற்ற பெண்ணுக்கு ஈரல் பற்றியும் சொன்னேன். நான்கு பேர் தங்களுக்கு இது தெரியாது என்றார்கள். ஒருத்தி அப்போது மூன்றாம் மாதம்.

அன்று வாட்ஸப்பில் கேட்ட மாணவியின் அக்காவுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. அவள் இப்போது முதுகலை படிக்கிறாள். உணவும் ஊட்டச்சத்தும்தான் பாடம். போன வாரம் தன் வகுப்புக் குறிப்பைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். இரும்புச்சத்து நிறைந்த உணவுகள் பட்டியலில் ஒன்பது பொருள்கள். மாடு இல்லை, மண்ணீரல் இல்லை. கீழே பென்சிலால் அவளே பத்தாவதாக எழுதியிருந்தாள்.

இந்த ஆண்டு வேறொரு கல்லூரி அழைத்திருக்கிறது. தலைப்பு ஏறத்தாழ அதேதான். பெருந்தொற்று என்ற சொல் மட்டும் இல்லை. 2020இல் முதலில் தயாரித்த படக்காட்சியை எடுத்து, நான்காவது பக்கத்தில் ஈரலையும் சுவரொட்டியையும் கருவாட்டையும் பழையபடி வைத்து, ஈரலுக்குப் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையையும் சேர்த்து திங்கட்கிழமை அனுப்பினேன். இன்று வெள்ளி. இன்னும் பதில் வரவில்லை.